டாலஸ் டெக்ஸன்ஸ், 1952: பத்தே மாதத்தில் கைகழுவப்பட்ட அணி

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-இல் இழுத்து மூடப்பட்ட கடைசி அணி, 1952-இல் ஆடிய டாலஸ் டெக்ஸன்ஸ். அதன்பின் எத்தனையோ அணிகள் முதலாளி மாறின, ஊர் மாறின. 1984-இல் ஒரு அணி ராத்திரியோடு ராத்திரியாகத் தட்டுமுட்டுச் சாமான்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டே போனது. ஆனால் கணக்கை முடித்துக் கதவைச் சாத்திய அணி இதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஜனவரியில் விலை பேசினார்கள், செப்டம்பரில் ஆடத் தொடங்கினார்கள், நவம்பர் 14-இல் "எங்களால் ஆகாது" என்று லீக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் 12 ஆட்டம், ஜெயித்தது 1. அந்த ஒரு வெற்றியையும் டாலஸ்காரர்கள் பார்க்கவில்லை.

இந்தக் கதையை வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: கூட்டம் வரவில்லை, அணி படுத்துவிட்டது. கூட்டம் வரவில்லைதான். ஆனால் அதே ஊரில், அதே மைதானத்தில், அதே அக்டோபரில் இதே ஆட்டத்தைப் பார்க்க எள் போட்டால் எள் விழாத கூட்டம் வந்தது. வேறு ஒரு அணிக்கு வந்தது. ஆட்டத்தை இவ்வளவு நேசித்த ஊர் இந்த அணியை மட்டும் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடும் இந்த விளையாட்டுக்கு "கால்பந்து" என்று பெயர் வைத்தது அமெரிக்கர்களின் விருப்பம். நாம் தலையிட வேண்டாம். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. உடனே கம்பங்களுக்கு நடுவே ஒரு உதை, அதற்கு 1. முன்னேற வழியில்லாதபோது பந்தை எதிராளியிடம் தூர உதைத்துத் தள்ளுவது பண்ட். கீழே வரும் சம்பவங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

வாங்கிய சரக்கு

டெக்ஸன்ஸ் புதிதாகப் பிறந்த அணி இல்லை. அதன் பூர்வீகம் 1944-இல் பாஸ்டனில் தொடங்குகிறது. பாடகி கேட் ஸ்மித்தின் மேலாளராகப் பணம் பார்த்த டெட் காலின்ஸுக்கு நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஒரு அணி நடத்தவேண்டும் என்று ஆசை. கிடைத்தது பாஸ்டன். ஆசை விடாமல், பாஸ்டன் அணிக்கே "யாங்ஸ்" என்று பெயர் வைத்தார். யாங்கி என்ற பேரைக் கேட்டாலே (அது நியூயார்க் பேஸ்பால் அணியின் பெயர்) முகம் சுளிக்கும் ஊரில் இப்படி ஒரு பெயரை வைத்துவிட்டு டிக்கெட் விற்க உட்கார்ந்த மனிதரை என்ன சொல்வது. 1949-இல் ஒருவழியாக நியூயார்க்குக்கு வந்தார். அங்கே முதலில் புல்டாக்ஸ், அடுத்த வருடத்திலிருந்து நியூயார்க் யாங்ஸ். அந்த ஊரில் ஜயண்ட்ஸ் அணி ஏற்கெனவே வேரூன்றி நின்றது. 1951-இல் யாங்ஸின் கணக்கு: ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி, இரண்டு டிரா. அந்தப் பருவம் முடிந்ததும் காலின்ஸ் கைகளைத் தட்டிக்கொண்டு அணியை லீக்கிடமே விற்றுவிட்டுப் போனார்.

லீக் அதை 1952 ஜனவரியில் டாலஸைச் சேர்ந்த ஒரு குழுவுக்குக் கைமாற்றியது. குழுவின் தலைவர் ஜைல்ஸ் மில்லர், ஜவுளி ஆலைக் குடும்பத்து இளைஞர்; கூடவே அவர் சகோதரர் கானெல். விலை 3 லட்சம் டாலர். இந்தத் தொகையின் பெரும்பகுதி அணிக்கான விலையே இல்லை. காலின்ஸ் யாங்கி ஸ்டேடியத்தோடு போட்டிருந்த குத்தகையில் மீதி நின்ற பாக்கியைத் தீர்க்கப் போன பணம் அது. அதாவது நியூயார்க்கில் காலியாகக் கிடக்கப்போகும் நாற்காலிகளுக்கு டாலஸிலிருந்து வாடகை கட்டினார் மில்லர்.

இந்தக் கதையில் என் கண்ணில் முதலில் படுவது இதுதான். ஒரு தொழிலைத் தொடங்குகிறவர் கையில் முதல் வருட நஷ்டத்தைத் தாங்கக் கொஞ்சம் பணம் வேண்டும். அந்தப் பணம் வாசற்படியிலேயே, முந்தைய முதலாளியின் கடனுக்குப் போய்விட்டது. கையில் மிஞ்சியது போன வருடம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த அணி.

ஆனால் அணியில் இருந்த ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பட்டி யங், உயரம் ஐந்தடி நாலங்குலம், ஓடினால் கண்ணுக்குச் சிக்கமாட்டார். ஜார்ஜ் டாலிவர் (எழுத்தில் டாலியாஃபெரோ என்று இருக்கும், வாயில் டாலிவர்தான்), 1949-இல் என்எஃப்எல் வீரர் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர். ஆர்ட் டோனவன், இரண்டாம் உலகப்போரில் மரைன் படையில் இருந்துவிட்டு வந்த பருமனான தடுப்பு வீரர். இவருக்கு ஒரு ராசி உண்டு, பின்னால் சொல்கிறேன். இவர்களோடு புதிதாகச் சேர்ந்தவர் ஜீனோ மார்ச்செட்டி. அதே போரில் ஐரோப்பாவில் நடந்த பல்ஜ் சண்டையில் இயந்திரத் துப்பாக்கி பிடித்தவர், அதன்பிறகுதான் கல்லூரிக்கே போனார். பயிற்சியாளர் ஜிம்மி ஃபீலன், யாங்ஸிலிருந்து அப்படியே வந்தவர்.

அந்த ஆண்டு வீரர் தேர்வில் இரண்டாவது இடத்தில் கிடைத்த லெஸ் ரிக்டரை டெக்ஸன்ஸ் வைத்துக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு அவரைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 11 பேரை வாங்கினார்கள். ஒருவருக்குப் பதினொருவர்! கேட்டால் லாபமான பேரம் போலத் தோன்றும். ரிக்டர் உடனே ராணுவத்துக்குப் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் ராம்ஸுக்கு ஆட வந்தார். கடைசியில் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார். டெக்ஸன்ஸுக்கு அந்த இரண்டு வருடம் காத்திருக்கும் வசதி இல்லை, உடனே களத்தில் இறக்க ஆள் வேண்டும். பணமில்லாத வீட்டில் விதைநெல்லைச் சமைப்பது மாதிரி ஒரு முடிவு. தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டெக்ஸஸில் வாரம் எப்படிப் போகும்

மில்லரின் கணக்கு எளிமையானது. டெக்ஸஸ் மாநிலம் இந்த ஆட்டத்துக்காக உயிரை விடும். டாலஸின் காட்டன் பௌல் மைதானத்தில் 75,000 பேர் உட்காரலாம். இவ்வளவு பெரிய பிராந்தியத்தில் தொழில்முறை அணி ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்து வைத்தால் ஜனம் அள்ளும்.

இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று பார்க்க அந்த ஊர் வாரத்தைப் பார்த்தால் போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி உயர்நிலைப்பள்ளி ஆட்டம். அதில் ஆடுவது பக்கத்து வீட்டுப் பையன், தன் தங்கை மகன், கடைக்காரர் பிள்ளை. சனிக்கிழமை கல்லூரி ஆட்டம். தான் படித்த கல்லூரி, இல்லையென்றால் அப்பா படித்தது, இல்லையென்றால் சொந்த ஊர் மானம். ஞாயிறு காலை தேவாலயம், மத்தியானம் குடும்பச் சாப்பாடு. டெக்ஸன்ஸ் கேட்டது அந்த மிச்சம் மீதியை. யாருக்கும் உறவில்லாத, நியூயார்க்கில் தோற்று வந்த அணிக்காக மூன்றாவது நாளாகவும் சட்டைப்பையில் கைவிடச் சொன்னார்கள்.

காட்டன் பௌல் அவ்வளவு பெரிதானதற்குக் காரணமே ஒரு கல்லூரிப் பையன்தான். 1940-களின் கடைசியில் டாலஸிலேயே இருக்கும் எஸ்எம்யு பல்கலைக்கழகத்துக்கு ஆடிய டோக் வாக்கரைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல் மைதானத்தை விரித்துக் கட்டினார்கள். "டோக் கட்டிய வீடு" என்றே அதற்குப் பெயர் வந்தது. 1952-இல் அந்த டோக் வாக்கர் எங்கே? டெட்ராய்ட் லயன்ஸ் அணியில். அவரோடு அதே டாலஸ் பள்ளியில் படித்த பாபி லேனும் டெட்ராய்ட்டில்தான். அந்த வருடம் லயன்ஸ் சாம்பியனே ஆனது. ஊர்ப் பிள்ளைகள் வெளியூரில் கோப்பை தூக்க, வெளியூர்க்காரர்கள் உள்ளூர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வார இறுதியை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 11, சனிக்கிழமை. டெக்ஸஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகள் மோதும் வருடாந்திர ஆட்டம், மாநிலப் பொருட்காட்சி நடக்கும்போது, காட்டன் பௌலில். ஓக்லஹோமா 49-20 என்று டெக்ஸஸை நசுக்கியது. தோற்பதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் போனார்கள் என்று வைத்துக்கொண்டாலும் போனார்கள். மறுநாள் டெக்ஸன்ஸ் சிகாகோவில் பேர்ஸிடம் 38-20 தோற்றது. அடுத்த சனிக்கிழமை டெக்ஸன்ஸ் ஊர் திரும்பி அதே புல்தரையில் கிரீன் பே பேக்கர்ஸோடு ஆடியபோது வந்தவர்கள் சுமார் 14,000 பேர். தோல்வி ஜனத்தை விரட்டியது என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு சனிக்கிழமைகளே போதும். தோற்றாலும் தன் அணி என்றால் மனுஷன் போவான்.

செப்டம்பர் 28

முதல் ஆட்டம் நியூயார்க் ஜயண்ட்ஸுடன். டெக்ஸஸ் மண்ணில் நடந்த முதல் என்எஃப்எல் பருவ ஆட்டம். வந்தவர்கள் 17,499 பேர். 75,000 பேருக்கான கிண்ணத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் நாலு வரிசை மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி.

முதல் கால் பகுதியில் ஒரு வேடிக்கை நடந்தது. டெக்ஸன்ஸ் உதைத்த பண்ட்டைப் பிடிக்கப் பின்னால் நின்ற ஜயண்ட்ஸ் வீரர் பந்தைத் தவறவிட்டார். டெக்ஸன்ஸ் அதைக் கைப்பற்றி டச் டவுனாக மாற்றியது. கூடுதல் உதை தவறியது. 6-0. அந்தப் பருவத்தில் சொந்த ஊரில் நெஞ்சு நிமிர்ந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, 24-6 என்று முடிந்தது. பந்தைத் தவறவிட்டவர் பெயர் டாம் லாண்ட்ரி. டெக்ஸஸின் மிஷன் ஊர்க்காரர், டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். உள்ளூர்க்காரர் எதிரணியில், அதுவும் டெக்ஸன்ஸுக்கு முதல் டச் டவுனை வலியக் கொடுத்தவர் அவரே. எட்டு வருடம் கழித்து இதே மைதானத்துக்கு இன்னொரு வேலையாக வருவார்.

அந்த 17,499-ஐ டாலஸ் மறுபடி தொடவே இல்லை. அடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோவிடம் 37-14. வெளியூரில் அதே அணியிடம் 48-21. லாஸ் ஏஞ்சலஸில் 42-20. நவம்பர் 9-இல் முந்தைய வருட சாம்பியன் ராம்ஸ் டாலஸுக்கு வந்து 27-6 என்று முடித்தது; பார்த்தவர்கள் சுமார் 10,000 பேர். டாலஸில் நடந்த நாலு ஆட்டத்துக்கும் வந்த மொத்தக் கூட்டத்தையும் ஒரே நாளில் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் காட்டன் பௌல் நிறைந்திருக்காது.

களத்தில் நடந்ததை இதற்குமேல் விவரிக்க ஒன்றுமில்லை. பருவம் முழுக்க எடுத்தது 182 புள்ளி, கொடுத்தது 427.

தனி இருக்கைகள்

இந்த அணியின் கதையைச் சொல்பவர்கள் பலர் மெதுவாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. 1952 டாலஸ் நிறவெறிச் சட்டங்களின் ஊர். காட்டன் பௌல் அமைந்திருக்கும் ஃபேர் பார்க் வளாகத்தில் மாநிலப் பொருட்காட்சி நடக்கும்போது கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். மைதானத்தில் அவர்களுக்குத் தனிப் பகுதி. கறுப்பின வீரர்கள் களத்தில் ஆடலாம். 1948-லேயே பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் கறுப்பின வீரர்களோடு வந்து காட்டன் பௌலில் எஸ்எம்யுவுடன் 13-13 என்று டிரா செய்திருந்தது. ஆனால் அந்த அணி தங்கியது ஊருக்கு வெளியே கடற்படை விமானத் தளத்தில். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்த அணிக்கு ஊருக்குள் ஹோட்டல் கிடைக்காது.

நாலு வருடம் கழித்து வந்த டெக்ஸன்ஸில் மக்கள் பார்த்தே ஆகவேண்டிய இரண்டு பேர் பட்டி யங்கும் டாலிவரும், இருவரும் கறுப்பினத்தவர். அணியின் விளம்பரத் தட்டியில் முதலில் போடவேண்டிய பெயர்கள். அவர்களை ஆவலோடு பார்க்க வரக்கூடியவர்களை ஒரு மூலைப் பகுதிக்குள் ஒதுக்கிவிட்டு, அவர்கள்மேல் அவ்வளவு ஆவல் இல்லாதவர்களுக்கு நடு இருக்கைகளைத் திறந்து வைத்தார்கள். நியாய அநியாயத்தை ஒருபக்கம் வையுங்கள். வெறும் வியாபாரமாகப் பார்த்தாலும் இது தன் கடைக்கு வரும் வாடிக்கையாளரைத் தானே தெருவில் நிறுத்துகிற வேலை.

மார்ச்செட்டிக்கு இது புதிதாக இருந்திருக்காது. முந்தைய வருடம் அவர் ஆடிய சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி 9 ஆட்டமும் ஜெயித்தது. ஆனால் பருவ இறுதிப் பெரிய ஆட்டத்துக்கு அழைப்பு வேண்டுமானால் இரண்டு கறுப்பின வீரர்களை, ஆலி மாட்சனையும் பர்ல் டோலரையும், விட்டுவிட்டு வரவேண்டும் என்ற நிலை. முழு அணியும் மறுத்துவிட்டது. அழைப்பும் வரவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் அத்தோடு கால்பந்தையே நிறுத்தியது. ஆக மார்ச்செட்டி அடுத்தடுத்து இரண்டு பருவம் ஆடிய இரண்டு அணியும் அவர் வெளியேறும்போது உயிரோடு இல்லை. ஒன்று மானத்தோடு போனது, மற்றது கடனோடு.

நவம்பர் 14

ஏழு ஆட்டம் முடிந்தது, ஏழும் தோல்வி. சம்பளம் கொடுக்கப் பணமில்லை. மில்லர் டாலஸின் பெரிய தொழிலதிபர்களிடம் இரண்டரை லட்சம் டாலர் கடன் கேட்டார். அன்றைய டாலஸில் சாலை போடுவதிலிருந்து மேயரைத் தேர்ந்தெடுப்பதுவரை ஒரு சிறு தொழிலதிபர் வட்டம் கைகாட்டியபடிதான் நடக்கும். அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

இந்த மறுப்பு எனக்கு இந்தக் கதையின் மையமாகத் தெரிகிறது. எண்ணெய்ப் பணம் புரண்ட ஊர். இரண்டரை லட்சம் அவர்களுக்குப் பெரிய தொகை இல்லை. அணி போனால் ஊருக்கு அவமானம் என்று அவர்களில் ஒருவர் நினைத்திருந்தால்கூடப் பணம் வந்திருக்கும். யாரும் நினைக்கவில்லை. காலியான நாற்காலிகள் ஏழை ரசிகன் தீர்ப்பு என்றால், இது பணக்காரன் தீர்ப்பு, இரண்டும் ஒன்றேதான்: இது எங்கள் அணி இல்லை.

அன்றைய லீக்கில் இந்த நிலைக்கு மாற்று வழியும் கிடையாது. வருமானம் என்றால் வாசலில் கிழிக்கும் டிக்கெட். எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தம் என்எஃப்எல்-க்கு வர இன்னும் பத்து வருடம் இருந்தது. இன்று ஒரு அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றாலும் தொலைக்காட்சிப் பணம் வந்து சேரும். 1952-இல் மழை பெய்து நாலு பேர் வரவில்லை என்றால் அந்த வாரச் சம்பளத்தில் துண்டு விழும்.

லீக் ஆணையர் பெர்ட் பெல்லுக்கு வேறு வழியில்லை. அட்டவணையில் ஐந்து ஆட்டம் மீதி. அணியை லீக்கே ஏற்று, பென்சில்வேனியாவின் ஹெர்ஷிக்கு, அதாவது சாக்லேட் கம்பெனி ஊருக்கு, பயிற்சிக்காகக் கொண்டுபோனது. டெக்ஸன்ஸ் என்ற பெயர் மட்டும் சட்டையில் மிஞ்சியது. அதன்பிறகு அவர்கள் டெக்ஸஸ் பக்கம் போகவே இல்லை; வீடில்லாத அணியாக ஊர் ஊராகப் போய் ஆடினார்கள்.

ஆக்ரன்

நவம்பர் 27, நன்றி நவிலும் நாள், அமெரிக்கர்கள் குடும்பத்தோடு விருந்து சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங். டாலஸில் நடந்திருக்கவேண்டிய சிகாகோ பேர்ஸ் ஆட்டம், ஒஹாயோவில் டயர் தொழிலால் வளர்ந்த ஆக்ரன் ஊரின் மைதானத்துக்கு மாற்றப்பட்டது. மைதானத்தின் பெயரே ரப்பர் பௌல். அன்று காலை அங்கே ஒரு பள்ளிக்கூட ஆட்டம் நடந்தது. அதற்கு வந்த கூட்டம் பெரிது. அது முடிந்ததும் ஜனம் கலைந்துபோனது. தொழில்முறை ஆட்டத்துக்கு மிஞ்சியவர்கள் சுமார் 3,000 பேர். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. டெக்ஸஸில் இவர்களைக் கொன்ற அதே வாரம் ஒஹாயோவில் ஒரே நாளாகச் சுருங்கி வந்து நின்றது.

நாலு நாளைக்கு முன்புதான் கிரீன் பேயில் 42-14 அடிவாங்கியிருந்தார்கள். உடை மாற்றும் அறையில் ஃபீலன் சொன்னதாக இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது: வழக்கம்போல் ஒவ்வொருவர் பெயராக அறிவித்துக் களத்துக்குள் ஓடவேண்டாம், கூட்டம் இவ்வளவுதான், நேரே கேலரிக்குப் போய் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள் என்றாராம்.

எதிரில் நின்றவர் ஜார்ஜ் ஹாலஸ், லீக்கைத் தொடங்கிய ஆட்களில் ஒருவர், பேர்ஸின் முதலாளி, பயிற்சியாளர், எல்லாம். இந்த அணிக்கு எதற்கு முதல் வரிசை ஆட்கள் என்று இரண்டாம் வரிசையைக் களத்தில் இறக்கினார். டெக்ஸன்ஸ் முந்திக்கொண்டது. ஹாலஸ் விழித்துக்கொண்டு நல்ல ஆட்களை அனுப்பியபோது நேரம் போயிருந்தது. 27-23. அந்தப் பருவத்தின் ஒரே வெற்றி. லீக் சரித்திரத்தில் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரை, முதலாளியும் ஊரும் இல்லாத ஆட்கள் வீழ்த்தியதை 3,000 பேர் பார்த்தார்கள்.

ஏன் அன்று மட்டும்? ஹாலஸின் அலட்சியம் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இழக்க எதுவும் மிஞ்சாதவர்கள் அடுத்த வருட வேலைக்காக ஆடினார்கள். அணி போகும், ஆள் போகவேண்டியதில்லை, யாராவது பார்ப்பார்கள்.

அதன்பின் ஃபிலடெல்ஃபியாவிடம் 38-21, டிசம்பர் 13-இல் டெட்ராய்ட்டிடம் 41-6. முடிந்தது.

அதே ஆட்கள், வேறு ஊர்

இதை வெறும் தோல்விக் கதையாக விடாமல் ஆய்வாக்குவது அடுத்து நடந்தது. மருத்துவச் சோதனையில் ஒரே மருந்தை இரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்ப்பது போல, ஏறக்குறைய ஒரே அணியை இரண்டு ஊரில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பைச் சரித்திரம் அரிதாகத்தான் தரும்.

பால்டிமோர் 1950-இல் தன் கோல்ட்ஸ் அணியை இழந்த ஊர். இழந்ததை மறக்கவில்லை. 1952 டிசம்பரில் பெர்ட் பெல் அவர்களிடம் ஒரு நிபந்தனை வைத்தார்: ஆறு வாரத்தில் 15,000 சீசன் டிக்கெட் விற்றுக் காட்டுங்கள், அணி தருகிறேன். நாலு வாரம் மூன்று நாளில் விற்றுவிட்டார்கள். அணி இல்லை, பெயர் முடிவில்லை, யார் ஆடுவார்கள் என்று தெரியாது, பணம் கட்டிவிட்டார்கள். 1953 ஜனவரி 23-இல் கரோல் ரோசன்ப்ளூம் தலைமையிலான குழுவுக்கு உரிமமும், டெக்ஸன்ஸின் வீரர் ஒப்பந்தங்களும் போய்ச் சேர்ந்தன. புதிய அணியின் நீல, வெள்ளை நிறங்களும்கூட டெக்ஸன்ஸிடமிருந்து வந்தவையே.

டாலஸில் மில்லர் முதலில் அணியை வாங்கினார், பிறகு ரசிகர்களைத் தேடினார். பால்டிமோரில் பெல் முதலில் ரசிகர்களைக் கணக்கெடுத்தார், பிறகு அணியைக் கொடுத்தார். வித்தியாசம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. டாலஸில் பட்ட சூடு பெல்லுக்கு அந்த நிபந்தனையைக் கற்றுக்கொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

இங்கேதான் டோனவனின் ராசி. 1950-இல் அவர் ஆடிய பழைய பால்டிமோர் கோல்ட்ஸ் மூடப்பட்டது. 1951-இல் நியூயார்க் யாங்ஸ், அதுவும் போச்சு. 1952-இல் டெக்ஸன்ஸ். மூன்று வருடம், மூன்று அணி, மூன்றுக்கும் பாடை கட்டியாயிற்று. நாலாவது வருடம் புறப்பட்ட இடமான பால்டிமோருக்கே வந்து சேர்ந்தார். இந்த முறை அணி சாகவில்லை.

1958 டிசம்பர் 28, யாங்கி ஸ்டேடியம். ஒரு காலத்தில் மில்லர் பணத்தைத் தின்ற அதே இடம். சாம்பியன் ஆட்டம், கோல்ட்ஸுக்கும் ஜயண்ட்ஸுக்கும். கடைசி நிமிடங்களில் ஜயண்ட்ஸின் ஃபிராங்க் கிஃபர்டை மார்ச்செட்டி பிடித்து நிறுத்தினார். மேலே விழுந்த ஆட்களின் எடையில் அவர் கால் முறிந்தது. தூக்குக் கட்டிலில் போட்டு உள்ளே கொண்டுபோனவர்களை மைதான ஓரத்திலேயே வைக்கச் சொல்லி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போக, கூட்டம் களத்துக்குள் பாய்ந்துவிடும் என்று பயந்து பிறகு உள்ளே தூக்கிப் போனார்கள். 23-17, கோல்ட்ஸ். எதிர்ப்பக்கத்தில் ஜயண்ட்ஸின் தடுப்பாட்டத்தை வகுத்துக்கொண்டு நின்றவர் டாம் லாண்ட்ரி.

டாலஸுக்கு இரண்டாம் வாய்ப்பு

1960-இல் டாலஸுக்கு ஒன்றுக்கு இரண்டாக அணிகள் வந்தன. என்எஃப்எல்-க்குப் போட்டியாகக் கிளம்பிய புதிய ஏஎஃப்எல் லீக்கில் லாமர் ஹன்ட்டின் அணி, பெயர் மறுபடியும் டெக்ஸன்ஸ். என்எஃப்எல்-இல் கிளின்ட் மர்ச்சிசனின் கௌபாய்ஸ். இரண்டுமே காட்டன் பௌலில்தான் ஆடின, இரண்டுக்கும் கூட்டம் வரவில்லை. கௌபாய்ஸின் முதல் பருவம் 1952-ஐவிட மோசம்: ஒரு வெற்றிகூட இல்லை, 11 தோல்வி, ஒரு டிரா. பயிற்சியாளர், பண்ட்டைத் தவறவிட்ட அதே லாண்ட்ரி.

ஆக, தோற்கும் அணியை டாலஸ் ஏற்காது என்ற விளக்கமும் நிற்கவில்லை. இந்த முறை இரண்டு முதலாளிகளும் எண்ணெய்க் குடும்பத்துப் பிள்ளைகள். நஷ்டம் வந்தால் இன்னொரு வருடம், அதற்கும் நஷ்டம் வந்தால் இன்னுமொரு வருடம். அப்படியும் ஹன்ட்டின் டெக்ஸன்ஸ் 1962-இல் ஏஎஃப்எல் கோப்பையை வென்ற கையோடு கேன்சஸ் சிட்டிக்குக் கிளம்பி சீஃப்ஸ் ஆனது. கோப்பை ஜெயித்தும் அந்த ஊரில் இரண்டு அணிக்கு இடமில்லை. எஞ்சிய கௌபாய்ஸுக்கு 1966 வரை ஜெயித்த கணக்கு தோற்ற கணக்கைத் தாண்டவில்லை. அந்த ஊர் ஒரு தொழில்முறை அணியைத் தன்னுடையதாக நினைக்கப் பிடித்த காலம் அது. மில்லரிடம் இருந்தது ஏழு வாரம்.

பால்டிமோர் கோல்ட்ஸின் கணக்கு 1953-இலிருந்து தொடங்குவதாகத்தான் என்எஃப்எல் எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் டெக்ஸன்ஸின் வாரிசு இல்லை என்பது லீக்கின் நிலை. எனவே அந்த ஒரு வெற்றியும் பதினொரு தோல்வியும் இன்று எந்த அணியின் கணக்கிலும் வராது. ஓஹாயோவின் கேன்டன் ஊரில், ஆக்ரனிலிருந்து கொஞ்ச தூரத்தில், தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபம் இருக்கிறது. அங்கே மார்ச்செட்டியின் பெயருக்குக் கீழே அணிகளின் பட்டியலில் முதல் வரி: டாலஸ் டெக்ஸன்ஸ், 1952.